விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தாங்கிப் பிடிக்கவும் கூடாதா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வயது 59. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளுக்குக் குதிரையேற்றத்தின் மூலம் சிகிச்சை தரும் மையம் ஒன்றில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன். முதல் சில வாரங்கள் லாயத்தைக் கூட்டுவதும் குதிரையைத் தேய்த்துவிடுவதும்தான் வேலை. பிள்ளைகளின் பக்கத்திலேயே விடவில்லை. இப்போதுதான் சவாரியின்போது குதிரையின் பக்கத்தில் நடக்க அனுமதித்திருக்கிறார்கள். போன வாரம், மூளை முடக்குவாதம் உள்ள ஏழு வயதுச் சிறுவனுக்குக் கதை சொல்லிக்கொண்டே நடந்தேன். திடீரென்று என் பக்கமாகச் சாய்ந்தான். பதறிப்போய் இடுப்பைப் பிடித்து நிமிர்த்தினேன். பயிற்றுநர் எல்லோர் முன்னாலும், "கையை எடுங்கள், பேசாமல் நடங்கள்" என்றார். இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு இது பெரிய தலைகுனிவு. தோள்வலி வேறு. அந்தப் பையனின் அம்மா, "என் பிள்ளை நடந்துவிடுவானா?" என்று என்னைக் கேட்கிறார். என்ன சொல்வது? இன்னொரு மையத்தில் முதல் நாளே பிள்ளைகளோடு விடுகிறார்களாம். அங்கே மாறிவிடலாமா? இல்லை, நன்கொடையாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடலாமா?

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு,

மாற வேண்டாம், ஒதுங்கவும் வேண்டாம். உங்களைக் கையை எடுக்கச் சொன்ன பயிற்றுநர் தன் வேலை தெரிந்தவர். ஏன் எடுக்கச் சொன்னோம் என்பதைப் பிறகு உட்கார வைத்து விளக்காதது மட்டும்தான் அவர் பக்கத்துக் குறை. அந்தக் காரணத்தை நான் சொல்கிறேன். மருத்துவமனையில் பாதி நேரமும் லாயத்தில் பாதி நேரமும் கழிக்கும் இயன்முறை மருத்துவர் என்பதால், புதிதாக வரும் தன்னார்வலர்களிடம் நான் அடிக்கடி பேச நேர்வது இதைப் பற்றித்தான்.

குதிரை நடக்கும்போது அதன் முதுகைப் பின்னாலிருந்து கொஞ்ச நேரம் பாருங்கள். முன்னும் பின்னும் போகிறது, இடமும் வலமும் சரிகிறது, லேசாகத் திரும்பவும் செய்கிறது. மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பெலும்பும் அதே போக்கில் அசையும். நாம் காலூன்றி நடக்கும்போது நம் இடுப்பு அசைகிற விதத்துக்கு இது மிக நெருக்கமானது. நடந்தே அறியாத பிள்ளையின் இடுப்புக்கு, நடை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று முதலில் சொல்லித் தருவது பெரும்பாலும் குதிரையின் முதுகுதான். சாதாரண நடையில் இந்த அசைவு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை நிகழும். ஒவ்வொரு முறையும் பிள்ளையின் உடல் கொஞ்சம் நிலை பிசகுகிறது. வயிற்றுத் தசைகளும் முதுகுத் தசைகளும் உடனே அதைச் சரிசெய்கின்றன. 20 நிமிடம் சவாரி என்றால் சுமார் 2,000 முறை பிசகி 2,000 முறை சரியாகிறது. எந்த மருத்துவரும் தன் கையால் ஒரு பிள்ளைக்கு இத்தனை முறை, இவ்வளவு சீராக, அலுக்காமல் பயிற்சி தந்துவிட முடியாது.

நீங்கள் இடுப்பைப் பிடித்து நிமிர்த்தியபோது, அவன் தசைகள் செய்ய வேண்டிய வேலையை உங்கள் கை செய்துவிட்டது. பிள்ளை கணக்கில் திணறுகிறான் என்று விடையைக் கரும்பலகையில் எழுதிப்போடும் ஆசிரியரை நீங்கள் உங்கள் பள்ளியில் விட்டு வைத்திருப்பீர்களா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் ஏன் சாய்ந்தான் என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கதை சொன்னீர்கள். ஏழு வயதுப் பிள்ளை கதை வரும் திசைக்குத் தலையைத் திருப்பினான். நமக்குத் தலையைத் திருப்புவது ஒரு பொருட்டில்லை. உடம்பு நடுவில் பிடிமானம் குறைந்த பிள்ளைக்குத் தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் இடுப்பில் எடை ஒரு பக்கமாக இறங்கும். அவ்வளவுதான், சாய்ந்துவிட்டான். "பேசாமல் நடங்கள்" என்று சொன்னதன் பொருள் இதுதான். சவாரி நடக்கும்போது பிள்ளையின் காதில் ஒரே ஒரு குரல் விழ வேண்டும், அது பயிற்றுநருடையது. இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர், முன்னால் குதிரையை நடத்துபவர், நடுவில் நின்று பயிற்றுநர் என்று நால்வரும் ஆளுக்கொன்று சொன்னால், யார் பேச்சைக் கேட்பது என்றே பிள்ளைக்குத் தெரியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கூச்சலே பெரும் தொல்லை. பயிற்றுநர் "பந்தை வளையத்தில் போடு" என்று சொன்னால், பிள்ளை அதைக் கேட்டு, புரிந்து, கையை நகர்த்தச் சில நொடிகள் ஆகும். பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது ஒரு யுகமாகத் தெரியும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழு எட்டிலேயே கை நகர்ந்துவிடும்.

கதையை விட்டுவிடச் சொல்லவில்லை. இறங்கிய பிறகு சொல்லுங்கள். குதிரைக்கு நன்றி சொல்லித் தட்டிக்கொடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் உங்களைப் போன்ற ஒருவர் பக்கத்தில் இருப்பது மையத்துக்குப் பெரிய வரம்.

அப்படியானால் சாய்ந்தால் சாயட்டும் என்று விட்டுவிடுவதா என்று கேட்பீர்கள். சாய்வது வேறு, சரிவது வேறு. கண்ணுக்குப் பழக்கமானால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சாய்கிற பிள்ளையின் தலை, உடம்பு போகும் பக்கத்துக்கு எதிராக நிமிரப் பார்க்கும், முதுகு வளைந்து மீளப் பார்க்கும், கை எதையாவது பற்றத் தேடும். போராட்டம் நடக்கிறது என்று அர்த்தம். விட்டுவிடுங்கள். சரிகிற பிள்ளையிடம் போராட்டம் இராது. தலையும் தோளும் சேர்ந்தே ஒரு பக்கம் போகும், இருக்கையே நழுவும், சில சமயம் சேணமும் கூடவே நகரும். அப்போது முதல் வேலை பிடித்து இழுப்பதல்ல, குதிரையை நடத்துபவரிடம் "நிறுத்துங்கள்" என்று தெளிவாகச் சொல்வது. கத்த வேண்டாம், குதிரைக்கும் காது உண்டு. குதிரை நின்ற பிறகு, பயிற்றுநர் சொல்கிறபடி நடுவுக்குக் கொண்டுவரலாம். ஓடுகிற அசைவின் நடுவே இடுப்பைப் பிடித்து இழுத்தால், உங்கள் அடுத்த எட்டு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் பிள்ளையும் வருவான். நீங்கள் மணலில் தடுக்கி விழுந்தாலோ, இருவரும் சேர்ந்து விழுவீர்கள். வலிப்பு வந்தாலோ குதிரை மிரண்டாலோ பிள்ளையை அவசரமாக இறக்கும் முறை ஒன்று உண்டு. அதைப் பயிற்றுநரின் கட்டளைக்குத்தான் செய்ய வேண்டும். பிள்ளைகள் ஏறாத நேரத்தில், ஒரு தன்னார்வலரையே ஏற்றி, முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் பழக்கித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

தோள்வலிக்கு வருவோம். உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பது தொடைப்பிடியாக இருக்கும் என்று நினைக்கிறேன். முன்கை பிள்ளையின் தொடைமீது குறுக்காகப் படிந்திருக்கும், விரல்கள் சேணத்தின் முன்விளிம்பையோ அதிலுள்ள வாரையோ பற்றியிருக்கும். இதில் எல்லோரும் செய்கிற பிழைகள் இரண்டு. ஒன்று, களைப்பில் தங்கள் கையின் எடையைப் பிள்ளையின் தொடைமீதே இறக்கி வைத்துவிடுவது. ஒரு பக்கம் கனமாக அழுத்தினால் பிள்ளை அந்தப் பக்கம் இழுபடுவான், எதிர்ப்பக்கத்தில் நடப்பவர் ஈடுகட்ட இன்னும் அழுத்துவார், கடைசியில் நடுவில் உள்ளவன் திருகில் மாட்டிய பலகையாகிவிடுவான். இன்னொன்று, முழங்கையைக் குதிரையின் விலாவில் ஊன்றுவது. விலாவில் படும் அழுத்தம் குதிரைக்கு "போ" என்ற உத்தரவு. நிற்கச் சொல்லி நிறுத்திய குதிரை ஏன் நகர்ந்துகொண்டே இருக்கிறது என்று ஆளாளுக்கு விழிப்பார்கள். காரணம் யாருடைய முழங்கையிலாவது இருக்கும்.

தோளை உயர்த்தி வைக்காமல் தளர விடுங்கள். குதிரை உங்களைவிட மிக உயரமானதாக இருந்தால் இந்தப் பிடி உங்களுக்கு ஆகாது. கணுக்காலைப் பற்றும் பிடி போதுமா என்று பயிற்றுநரைக் கேளுங்கள், அல்லது குட்டையான குதிரைக்கு மாற்றச் சொல்லுங்கள். கை ஓய்ந்துபோனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். குதிரையை நிறுத்தி இரு பக்கத்தாரும் இடம் மாறிக்கொள்ளலாம். ஒருவர் பின் ஒருவராகத்தான் மாற வேண்டும், பிள்ளையின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் காலியாக இருக்கக் கூடாது. வலியைப் பொறுத்துக்கொண்டு நடப்பதில் பெருமை எதுவும் இல்லை. மரத்துப்போன கை அவசரத்தில் உதவாது.

கையை எடுப்பதில் அன்புக் குறைவு எதுவும் இல்லை என்பதற்கு ஒருவரைச் சொல்கிறேன். டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெல் தேர்ந்த குதிரையேற்ற வீராங்கனை. 1944இல், கர்ப்பமாக இருந்தபோது இளம்பிள்ளை வாதம் தாக்கியது. பெரும்பகுதி மீண்டு வந்தாலும் முழங்காலுக்குக் கீழே செயலற்றுப்போயிற்று. குதிரையில் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் பிறர் வேண்டும். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில்தான் டிரஸ்ஸாஜ் போட்டியில் (குதிரையை நுட்பமான அசைவுகளில் சீராக நடத்திக் காட்டும் போட்டி) பெண்களும் ஆண்களோடு சேர்ந்து போட்டியிட முதன்முதலில் அனுமதித்தார்கள். அதில் ஜூபிலி என்ற தன் குதிரைமீது அமர்ந்து வெள்ளிப் பதக்கம் வென்றார். 1956இலும் வெள்ளி. குதிரையேற்றச் சிகிச்சை மையங்கள் பல நாடுகளில் பரவியதற்கு அவருடைய வெற்றி ஒரு பெரிய தூண்டுதல். எனக்கு அதில் பிடித்த விஷயம், உதவி எங்கே இருந்தது, எங்கே இல்லை என்பதுதான். ஏற்றுவதற்குக் கை இருந்தது, இறக்குவதற்கும் கை இருந்தது. இடைப்பட்ட நேரத்தில் அவரும் குதிரையும் மட்டுமே. உங்கள் சிறுவன் அந்த அளவுக்குப் போக வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவனுடைய 20 நிமிடத்திலும், ஒருவர் கையும் படாத நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும்.

இனி லாயம். சாணி அள்ளவிட்டார்களே என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் லேசாகத் தொனிக்கிறது. நான் பொறுப்பில் இருந்தால் இன்னும் சில வாரம் கூடுதலாகவே விட்டிருப்பேன்.

குளம்பைச் சுத்தம் செய்வதை எடுத்துக்கொள்ளுங்கள். காலைத் தூக்கிப் பிடித்து, கொக்கியால் குதிகாலிலிருந்து நுனி நோக்கிச் சுரண்டுகிறோம். நடுவில் முக்கோணமாக, மெத்தென்று இருக்கும் பகுதியில் கொக்கி குத்தாமல் பார்த்துக்கொள்கிறோம். அப்படிச் சுரண்டும்போது இடுக்கிலிருந்து கொட்டைப் பாக்கு அளவு கல் ஒன்று தெறித்து விழுகிறது. அந்தக் கல்லோடு குதிரை களத்துக்குப் போயிருந்தால் ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்திருக்கும். மேலே உட்கார்ந்த பிள்ளையின் இடுப்புக்கு, சமமாக வர வேண்டிய அசைவு கோணலாக வந்திருக்கும். அன்றைய சிகிச்சையை அந்தக் கல் கெடுத்திருக்கும், உங்கள் கொக்கி காப்பாற்றியது. சேணத்தின் வயிற்றுப்பட்டை படும் இடத்தைத் தேய்க்கும்போது குதிரை தோலைச் சிலிர்த்து, திரும்பிக் கடிக்க வருகிறதா? அங்கே புண்ணோ வீக்கமோ இருக்கலாம். உடனே சொல்லுங்கள். சேணம் பூட்டிய பிறகு அது யார் கண்ணிலும் படாது. காதைப் பின்னால் ஒட்ட மடக்குவது, வாலை ஈயே இல்லாமல் விசிறுவது, ஓயாமல் தலையை உதறுவது, இவை எல்லாம் "எனக்குப் போதும்" என்று குதிரை சொல்கிற விதங்கள். லாயத்தில் அதோடு பழகியவருக்குத்தான் களத்தில் சட்டென்று புரியும்.

குதிரையிடம் பயம் இருந்தால் அதையும் லாயத்திலேயே தீர்த்துக்கொள்ளலாம். வேட்டைக்கு இரையாகும் விலங்கு அது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்த்துவிடும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும்தான் தெரியாது. அதனால் தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே அணுகுங்கள். பின்னால் கடக்க வேண்டுமானால் முதுகில் கை வைத்து ஒட்டி நடங்கள், இல்லையேல் உதை எட்டாத தூரத்தில் சுற்றிப் போங்கள். கயிற்றை எந்தக் காரணத்துக்காகவும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், அது ஓடினால் விரல் போய்விடும். மடித்துப் பிடியுங்கள். பையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு ஊட்டுவதும் வேண்டாம். கையைக் கடிக்கப் பழகிவிடும் என்பது ஒன்று, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பது இன்னொன்று. ஆகாததைத் தின்றுவிட்டால் வெளியே தள்ள வழியில்லாமல் வயிற்றுவலியில் உயிருக்கே ஆபத்தாகும். மூடிய காலணி, தொங்காத உடை, தொங்காத காதணி. இவை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். ரண ஜன்னித் தடுப்பூசியைப் பற்றிச் சொல்ல மறந்திருக்கலாம். அதன் கிருமி குதிரைச் சாணத்திலும் மண்ணிலும் இருக்கும். கடைசியாக எப்போது போட்டுக்கொண்டீர்கள் என்று உங்கள் மருத்துவரோடு பேசிச் சரிபார்த்துவிடுங்கள்.

முதல் நாளே பிள்ளைகளோடு விடும் அந்த இன்னொரு மையத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒரு தகவலே எனக்குப் போதும், என் பிள்ளையாக இருந்தால் அங்கே அனுப்ப மாட்டேன். நல்ல மையம் எல்லாவற்றிலும் மெதுவாகத்தான் போகும். மருத்துவரின் கடிதம் இல்லாமல் யாரையும் ஏற்றாது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகள் சிலருக்குக் கழுத்தின் மேல் எலும்புகள் இரண்டும் தளர்ந்திருக்கும், அவர்களைக் குதிரையில் ஏற்றுவது தண்டுவடத்துக்கே ஆபத்தாகலாம். கட்டுக்குள் வராத வலிப்பு, ஆறாத படுக்கைப்புண், இடுப்பு மூட்டு விலகல், இவற்றுக்கெல்லாம் முதலில் மருத்துவர் பதில் சொல்ல வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் சவாரி இல்லை. குதிரைகளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வேலை என்று எல்லை இருக்கும், ஓய்வு நாள் இருக்கும். தன்னார்வலரை லாயத்தில் காக்க வைப்பதும் இதே ஒழுங்கில் சேர்ந்ததுதான்.

அந்த அம்மாவின் கேள்விதான் கடினமானது. "நடந்துவிடுவான்" என்று சொல்லாதீர்கள். "தெரியாது" என்று கையை விரிக்கவும் வேண்டாம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளிடம் குதிரைச் சிகிச்சையால் உட்காரும் சமநிலை கூடுகிறது, உள்தொடைத் தசைகளின் இறுக்கத்தில் உள்ள ஏற்றத்தாழ்வு குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குதிரையின் உடல் சூடு சுமார் 38 டிகிரி செல்சியஸ், மனித உடம்பைவிடச் சற்றே அதிகம். அந்த வெதுவெதுப்பும் தொடை இளக உதவுகிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சில பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்த சிறியவை. குதிரை நோயைக் குணப்படுத்துவதில்லை, வழக்கமான சிகிச்சைக்கு மாற்றும் அல்ல. இவற்றை விளக்க வேண்டியவரும் நீங்கள் அல்ல. "அதை மருத்துவரிடமும் பயிற்றுநரிடமும் கேளுங்கள் அம்மா, நான் கூட நடப்பவள் மட்டும்தான்" என்று சொல்லலாம். அதோடு நிறுத்தாமல், பயிற்றுநரின் சம்மதத்தோடு, நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். "இன்று திருப்பத்தில் கைப்பிடியை விட்டுவிட்டு நேராக உட்கார்ந்திருந்தான்" என்ற ஒரு வாக்கியம், பொய்யான நம்பிக்கையைவிட அந்தத் தாய்க்கு அதிகம் உதவும். அவனுடைய நோயைப் பற்றி வெளியில் யாரிடமும் பேசக் கூடாது, படம் எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது என்பது ஆசிரியையான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நன்கொடை கொடுங்கள், எந்த மையமும் வேண்டாம் என்று சொல்லாது. தீவனச் செலவு நிற்பதே இல்லை. ஆனால் அது உங்கள் வருகைக்கு ஈடாகாது. உங்கள் சிறுவன் ஒருவன் ஏறுவதற்குப் பயிற்றுநர் போக மூன்று பேர் தேவை. பக்கத்தில் நடக்கும் ஒருவர் வராவிட்டால் அன்று அவனுக்குச் சவாரியே இல்லாமல் போகலாம். ஆகவே மனவருத்தத்தில் ஒரு வாரம் போவது, ஒரு வாரம் போகாமல் இருப்பது என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். நின்றுவிடுவதானால் முன்கூட்டியே சொல்லிவிட்டு நின்றுவிடுங்கள்.

பயிற்றுநரிடம் பேசுங்கள். சவாரி நடக்கும்போது அவர் இரண்டே சொல்லில்தான் உத்தரவிட முடியும், அங்கே மரியாதைச் சொற்களுக்கு நேரம் கிடையாது. முடிந்த பிறகு காரணம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்கும்போது கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: உங்களையே ஒருமுறை குதிரைமீது ஏற்றி நடத்தச் சொல்லுங்கள். பல மையங்களில் தன்னார்வலர் பயிற்சியில் இது உண்டு. கால்களை அங்கவடியில் வைக்காமல் தொங்க விடுங்கள். முதல் சுற்றில் ஒருவர் உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கட்டும், அடுத்த சுற்றில் கையை எடுக்கட்டும். இரண்டு சுற்றிலும் உங்கள் வயிறும் முதுகும் என்ன செய்கின்றன என்று கவனியுங்கள். முன்னதாக உங்கள் எடையைக் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். குதிரை சுமப்பது சேணத்தையும் சேர்த்துத் தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள், அதற்கேற்ற குதிரையைத் தேர்ந்து வைக்க அவர்களுக்கும் வசதியாக இருக்கும்.